சீனா 1976: எதை முதலில் எழுதுவது?

மதுரை மாறன்:
பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆண்டுவாரியாக ஒரு வரலாற்றுத் தொகுப்பு எழுதுகிறேன். சீனாவின் 1976-க்கு அரைப் பக்கம்தான் இடம். ஜனவரி 8-ல் பிரதமர் சூ என்லாய், ஜூலை 6-ல் செம்படையைக் கட்டிய சூ தே, செப்டம்பர் 9-ல் மாவோ. மூத்த தலைவர்கள் மூவரும் ஒரே ஆண்டில் போய்விட்டார்கள். மாவோ இறந்த நான்கே வாரத்தில், அக்டோபர் 6 அன்று, அவருடைய மனைவி உட்பட, கலாச்சாரப் புரட்சியை முன்னின்று நடத்திய ‘நால்வர் குழு’வைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பழையதை ஒழிக்கிறோம் என்று மாவோ தொடங்கிய அந்தப் பத்தாண்டு இயக்கம் அதோடு முடிந்தது. அதனால் மாவோவின் மரணம் முதலில், மற்றதெல்லாம் அதற்குக் கீழே. தாங்ஷான் நிலநடுக்கத்துக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறேன். சரிதானே?

கயல்விழி:
சரியில்லை சார். ஒரே வரியா? ஜூலை 28, அதிகாலை 3:42. பத்து லட்சம் பேர் இருந்த நிலக்கரி நகரம் தூங்கிக்கொண்டிருந்தது. அரசுக் கணக்குப்படியே செத்தவர்கள் சுமார் 2,42,000 பேர். பெரிய அதிர்வு வராத பகுதி என்று வகைப்படுத்தி வைத்திருந்ததால் வீடுகளை அதற்கேற்பக் கட்டவில்லை. செங்கல் சுவர், அதன் மேல் கனமான கூரை, இரண்டையும் இறுக்கிப் பிடிக்கக் கம்பி கிடையாது. சுவர் விலகியதும் கூரை அப்படியே படுத்திருந்தவர்கள் மேல் இறங்கியது. அன்று மாலையே இன்னொரு பெரிய அதிர்வு வந்து, காலையில் தப்பி நின்றதையும் சாய்த்தது.

மதுரை மாறன்:
எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை அம்மா. நாட்டின் போக்கை மாற்றியது எது என்பதுதான் என் கேள்வி. பதவி பறிக்கப்பட்டிருந்த தலைவர் டெங் சியோபிங் 1977-ல் மறுபடி பதவிக்கு வந்தார். அந்த டிசம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைத் திரும்ப நடத்தினார்கள். மாவோ இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. நிலநடுக்கம் எதை மாற்றியது?

ராகவன்:
சீனர்கள் பலர் இரண்டையும் பிரித்துப் பார்க்கவே இல்லை. ஆட்சி மாறும் முன் வானமும் பூமியும் அறிகுறி காட்டும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. மார்ச் 8-ல் ஜிலினில் விண்கல் மழை, அதில் ஒரு கல் மட்டும் 1,770 கிலோ. அப்புறம் நிலநடுக்கம். ஆறு வாரத்தில் மாவோ. இப்படி வரிசையாக எழுதினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கயல்விழி:
மறக்க மாட்டார்கள்தான். ஆனால் சகுனம் என்று எழுதிவிட்டால், செத்த இத்தனை பேரும் ஒரு தலைவர் சாவதற்கு முன் அடித்த மணி ஆகிவிடுகிறார்கள். அது எனக்கு வலிக்கிறது. அதற்குப் பதில் தாங்ஷானுக்கு அருகே இருந்த சிங்லோங் மாவட்டத்தை எழுதுங்கள். ஜூலை 22-க்கும் ஆகஸ்ட் 5-க்கும் நடுவில் அதிர்வு வரலாம் என்று வாங் செங்மின் என்ற ஆய்வாளர் ஒரு கூட்டத்தில் எச்சரித்தார். அதைக் குறித்துக்கொண்டு ஊர் திரும்பிய ஓர் இளம் அதிகாரி மேலிடத்தில் சொல்ல, மாவட்டம் முழுக்கத் தகவல் போனது. மக்களை வீட்டுக்கு வெளியே படுக்க வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் வீடுகள் விழுந்தும் இடிபாட்டில் அங்கே யாரும் சாகவில்லை.

சுரங்கச் செந்தில்:
நான் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவன், எனக்கு மறக்காத விஷயம் வேறு. அந்த இரவு ஷிப்டில் தாங்ஷானின் கைலுவான் சுரங்கங்களுக்குள் சுமார் பத்தாயிரம் பேர் இருந்தார்கள். பூமிக்கு அடியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு ஏறி வந்தார்கள். வீட்டில் தூங்கிய அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள்தான் மாண்டார்கள். ஐந்து பேர் மட்டும் கீழேயே சிக்கி, 15 நாள் கழித்து உயிரோடு வெளியே வந்தார்கள். தொலைபேசி இணைப்பு முழுக்க அறுந்து கிடந்தது. லி யூலின் என்ற சுரங்க ஊழியர் சிலரோடு ஓர் ஆம்புலன்ஸில் ஏறி நேராகப் பெய்ஜிங்குக்கு ஓட்டிப்போய், காலையில் தலைவர்கள் இருக்கும் வளாகத்தின் வாசலில் நின்றார். தாங்ஷான் அழிந்தது என்று அவர் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. மாறன் சார், முதல் வரியில் அந்த ஆம்புலன்ஸை வையுங்கள்.

பாத்திமா:
எல்லோரும் ஏப்ரலைத் தாண்டிப் போய்விட்டீர்கள். சிங்மிங் என்பது அங்கே முன்னோர் கல்லறைக்குப் போய் வணங்கும் நாள். சூ என்லாய்க்காகப் பெய்ஜிங் மக்கள் தியானன்மென் சதுக்கத்தில் மலர்வளையங்களை மலை மாதிரிக் குவித்தார்கள், கவிதை எழுதி ஒட்டினார்கள். இரவோடு இரவாக அரசு அவற்றை அகற்றியது. ஏப்ரல் 5 காலையில் வந்து பார்த்த சனம் கொதித்துவிட்டது. பழியை டெங் மேல் போட்டு 7-ம் தேதி அவரைப் பதவியிறக்கினார்கள். தாங்ஷான் இடிந்தபோது டெங்கைக் கண்டிக்கும் இயக்கம் நடந்துகொண்டிருந்தது, நிவாரணச் செய்தியிலும் அதையே சேர்த்து எழுதினார்கள். வெளிநாட்டு உதவியையும் வேண்டாம் என்றார்கள். அரசியலை விட்டுவிட்டு நிலநடுக்கத்தை எப்படி எழுதுவது கயல்?

கயல்விழி:
அதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. நான் கேட்பது வரிசையை அல்ல, இடத்தை.

மதுரை மாறன்:
சரி. சிங்லோங்கும் ஆம்புலன்ஸும் எனக்குப் புதுச் செய்தி. தாங்ஷானுக்கு ஒரு முழுப் பத்தி தருகிறேன், சூ தேயை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். மாவோவை மட்டும் மேலிருந்து இறக்க மாட்டேன். அந்த ஒரு மரணம் இல்லாமல் அக்டோபர் இல்லை.

கயல்விழி:
இறக்க வேண்டாம். ஆனால் 2,42,000 என்று எழுதும் வரியிலேயே, அந்த எண்ணை 1979-ல்தான் வெளியே சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். மாவோ இறந்த செய்தி அன்றைக்கே வானொலியில் வந்துவிட்டது.