அப்பாவுக்குப் பக்கவாதம், நான் தூரத்தில்: இப்போதே கிளம்பணுமா, டிஸ்சார்ஜ் வரை பொறுக்கணுமா?

கேட்பவர்: தூரத்துமகன்

கோர்வையாக எழுத வரவில்லை, மன்னிக்கவும், மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. திங்கள் காலை அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவியிருக்கிறது, குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே வலப்பக்கம் சரிந்துவிட்டார். வயது 67. வலது கை, கால் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்று ஸ்கேனில் தெரிந்தது. தங்கை பக்கத்திலேயே இருந்ததால் சீக்கிரம் கொண்டுபோய்விட்டாள், அதனால் அடைத்திருந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது (நாலரை மணி நேரம் தாண்டிவிட்டால் பொதுவாக அதைப் போட மாட்டார்களாம்). இப்போது ஐசியூவில் இருக்கிறார்.

நான் இருக்கும் இடத்திலிருந்து போய்ச் சேர ஒரு நாள் முழுக்க ஆகும். இந்த வருடத்துக்கு எனக்கு இரண்டு வாரம்தான் லீவ் மிச்சம். இப்போதே போய்விட்டால் அவர் வீட்டுக்கு வரும்போது நான் இருக்க மாட்டேன். அம்மாவைக் கேட்டால் "நீ வந்து என்னப்பா பண்ணப்போறே, உள்ளேயே விட மாட்டேங்கறாங்க" என்கிறார். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

நேற்று பத்து நிமிடம் பார்க்க விட்டபோது தங்கை வீடியோ காலில் போனை அப்பா முகத்துக்கு நேரே பிடித்தாள். என்னைப் பார்த்ததும் "சாவி" என்றார். எந்தச் சாவிப்பா என்றேன். மறுபடி "சாவி, சாவி", அப்புறம் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பீரோ சாவியா, வண்டிச் சாவியா என்று அம்மா ராத்திரி முழுக்க வீட்டைக் கலைத்துப் போட்டுத் தேடியிருக்கிறார். அப்பாவுக்கு நினைவு இருக்கிறதா, என்னைத் தெரிகிறதா? நான் கிளம்புவதா, காத்திருப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: இரவுப்பணி

ஐசியூவில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். முதலில் அம்மாவைச் சாவி தேடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், பாவம்.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அங்கே அடி விழுந்தால் வருகிற பேச்சுக் கோளாறுக்குப் பெயர் அஃபேசியா. சிலருக்கு ஒரே ஒரு சொல் மாட்டிக்கொள்ளும், எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுவே வரும். எங்கள் வார்டில் ஒருவர் மூன்று வாரம் எல்லாவற்றுக்கும் "செவ்வாய்" என்றார். தண்ணீர் வேண்டுமென்றாலும் செவ்வாய், மனைவியைக் கூப்பிட்டாலும் செவ்வாய். உங்கள் அப்பா சொல்ல வந்தது உங்கள் பெயராகக்கூட இருக்கலாம். தலையை ஆட்டினார் என்கிறீர்களே, தப்பான சொல் வருகிறது என்று அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் பேச்சு போவதும் நினைவு போவதும் ஒன்று இல்லை.

அடுத்த தடவை பேசும்போது சின்னச் சின்ன வாக்கியமாக, ஒன்று முடிந்து கொஞ்சம் விட்டு அடுத்தது. ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியாகக் கேளுங்கள், இடது கை விரலை அசைத்துச் சொல்லட்டும். சத்தமாகப் பேச வேண்டாம், காது நன்றாகத்தான் இருக்கிறது. குழந்தையிடம் பேசுகிற மாதிரியும் வேண்டாம், நிறைய பேருக்கு அது கோபத்தைக் கிளப்பும்.

கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். ஐசியூவில் பகல் எது இரவு எது என்றே தெரியாது, வயதானவர்களுக்கு மனக் குழப்பம் வந்து இல்லாததெல்லாம் இருப்பதாகத் தோன்றும், சாயங்காலத்துக்கு மேல் அதிகமாகும். கண்ணாடி, கடிகாரம், தெரிந்த குரல், இதெல்லாம் மருந்துக்குச் சமம்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். விழுங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கும் வரை யாரும் பாசத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட வாயில் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது: மூளையில் வீக்கம் இருக்கிறதா, கூடுகிறதா? பெரிய அடைப்பு என்றால் முதல் ஐந்து நாளுக்குள்தான் அந்த வீக்கம் உச்சத்துக்குப் போகும். அதற்கு வரும் பதிலைப் பொறுத்து டிக்கெட்டை முடிவு பண்ணுங்கள்.

பதில்: கடைக்குட்டி

நானும் இதே கணக்குத்தான் போட்டேன். லீவை மிச்சம் பிடித்து அம்மா வீட்டுக்கு வந்ததும் ஒரு மாதம் கூடவே இருக்கலாம் என்று. ஐந்தாவது நாள் போன் வந்தது. இரவுப்பணி சொல்கிற மாதிரி கேட்டுவிட்டு முடிவெடுங்கள், ஆனால் டாக்டர் பதிலில் கொஞ்சம் இழுத்தால்கூட அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். வேறு சொல்லத் தெரியவில்லை.

பதில்: மூத்தவள்

நான் உங்கள் தங்கை இடத்தில் இருந்தவள், அதனால் கொஞ்சம் கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா விழுந்தபோது தூரத்தில் இருந்தவன் என் தம்பி. நல்லவன், பாசக்காரன், ஆனால் ஒரு நாளைக்கு ஒன்பது தடவை போன். நான் காலையிலிருந்து பார்மசிக்கும் பில்லிங்குக்கும் ஐசியூ வாசலுக்கும் நடையாய் நடந்து அப்பாடா என்று அந்த இரும்பு நாற்காலியில் உட்காருவேன், உடனே போன் அடிக்கும். "இப்ப எப்படி இருக்கு? டாக்டர் என்ன சொன்னார்? ஏன் அந்த மருந்து கொடுக்கறாங்க, நான் படிச்சதுல வேற போட்டிருக்கே?" அவன் பதற்றத்தை ஆற்றுவதும் என் வேலையாகிப் போச்சு. ஒரு நாள் போனை அணைத்துவிட்டேன், அதுக்கு எங்களுக்குள் ஆறு மாதம் பேச்சு இல்லை.

அவனால் என்ன செய்திருக்க முடியும் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். இன்சூரன்ஸ்காரர்களிடம் மணிக்கணக்கில் போனில் தொங்கியிருக்கலாம். சொந்தக்காரர்கள் நாற்பது பேருக்கும் தினமும் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டு, விசாரிக்கிற எல்லாரும் இனி என்னைக் கூப்பிடுங்கள், அக்காவை விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்பா அதுவரை சாப்பிட்டுவந்த மாத்திரைகள், எந்த மருந்து ஒத்துக்காது, பழைய ரிப்போர்ட், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அனுப்பியிருக்கலாம். எனக்கு நடுராத்திரி என்றால் அவனுக்குப் பகல், அந்த ஷிப்டையாவது எடுத்துக்கொண்டிருக்கலாம். டாக்டரிடம் பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும், அது உங்கள் தங்கையாகவே இருக்கட்டும், நீங்கள் கேள்வியை எழுதி அனுப்புங்கள் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு போகலாம் என்று நினைப்பதும் தப்பில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும், பிசியோதெரபி வேறு, முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பார்கள். ஆள் தேவைப்படுவது அப்போதுதான், ஆனால் அதற்குள் விசாரிக்க வந்த கூட்டமெல்லாம் கலைந்திருக்கும். எதுவாக இருந்தாலும் அம்மாவைக் கேட்டு முடிவு பண்ணாதீர்கள். எந்த அம்மா வா என்று சொல்லியிருக்கிறார்? தங்கையைக் கேளுங்கள். "நான் வரணுமா" என்று கேட்டால் அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள். "உனக்கு என்ன வேணும்" என்று கேளுங்கள்.

பதில்: தூரத்துமகன்

எல்லோருக்கும் நன்றி. கடைக்குட்டி, உங்கள் பதிலை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

வீக்கம் இருக்கிறது, ஆனால் கூடவில்லை என்று டாக்டர் சொன்னாராம். சரி, பொறுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேதான் தங்கைக்குப் போன் போட்டேன். மூத்தவள் சொன்னபடி கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "அப்பாவுக்காக நீ வர வேண்டாம்ண்ணா, எனக்காக வா. நான் ஒரு நாள் படுத்துத் தூங்கணும்" என்றாள். டிக்கெட் போட்டுவிட்டேன், நாளை இரவு கிளம்புகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனால் சம்பளமில்லா லீவ் தருவதாக ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடி வாஷ்பேசின் மேலேயே இருந்திருக்கிறது, அவர் வைத்த இடத்தில். இன்று அதைப் போட்டுவிட்டு வீடியோ காலில் காட்டினாள். மறுபடி "சாவி"தான். சொல்லுங்கப்பா, நான்தான், நாளைக்குக் கிளம்பறேன், சரியா என்றேன். இடது கைக் கட்டைவிரல் கொஞ்சம் மேலே வந்தது, தங்கையும் பார்த்திருக்கிறாள், எனக்குத் தோன்றியது இல்லை.

இரவுப்பணி, முடிந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். விமானத்தில் இருக்கும் அத்தனை மணி நேரமும் எனக்குப் போன் இருக்காது. இறங்கும் வரை தங்கை யாரிடம், என்ன கேட்டுக்கொண்டே இருக்கணும்? எழுதிக் கொடுத்துவிட்டு ஏறுகிறேன்.