மறு: சாலரி கேப், ஏப்ரன்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

சாலரி கேப்புக்கு, அதாவது ஓர் அணி தன் வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளத்துக்கு லீக் வைக்கும் அளவுக்கு, ‘ஊதிய உச்சவரம்பு’ என்று முன்மொழிந்த ஐயாவுக்கு நன்றி. நில உச்சவரம்பு 1961 சட்டத்தோடு ஊருக்குள் இறங்கிய சொல், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனாலும் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவுக்கு அது பொருந்தாது என்றுதான் எனக்குப் படுகிறது.

என் தம்பி மகன் இரவெல்லாம் விழித்திருந்து என்பிஏ பார்ப்பவன். அவனுக்கு உங்கள் சொல்லை வைத்தே விளக்கப் பார்த்தேன். கேட்டவுடன் சொன்னான்: “பெரியப்பா, உச்சவரம்பு 15 கோடின்னா, இவங்க எப்படி 20 கோடி குடுக்கறாங்க?” என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல அந்தச் சொல்லைக் கைவிட வேண்டியிருந்தது. உச்சவரம்பு என்றால் அதற்கு மேல் இல்லை என்று பொருள். மீறிய நிலம் உபரி, அரசு எடுத்துக்கொள்ளும். என்பிஏவில் 2025-26 பருவத்தின் கேப் 15.46 கோடி டாலர். பெரும்பாலான அணிகளின் சம்பளச் செலவு அதைத் தாண்டித்தான் நிற்கிறது. அது குற்றமும் இல்லை. தாண்டியபின் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதுதான் விதி.

அதனால் ‘உச்ச’த்தை எடுத்துவிட்டு, வெறும் ‘சம்பள வரம்பு’ என்று வைக்கலாம் என்பேன். வயல் வரப்பும் இந்த வரம்பும் ஒரே சொல்தானே. வரப்பைத் தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டினால் அது வேறு வயல், அங்கே நம் இஷ்டம் செல்லாது. உச்சவரம்பையும் வீணாக்க வேண்டாம். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் 1994 முதல் வைத்திருக்கும் ஹார்டு கேப்புக்கு, அதாவது தாண்டவே கூடாத கேப்புக்கு, அது கச்சிதம். 2025 ஐபிஎல் ஏலத்தில் ஓர் அணிக்கு 120 கோடி ரூபாய் என்று வைத்தார்களே, அதுவும் உச்சவரம்புதான். என்பிஏவிலும் சில இடங்களில் இந்தச் சொல் வேண்டியிருக்கும். உதாரணமாக, ஒப்பந்தம் போட்ட கையோடு அனுப்பப்படும் வீரரை வாங்கும் அணி, அந்தப் பருவம் முழுக்க ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டவே முடியாது. தானாகப் போய் ஓர் உச்சவரம்புக்குள் மாட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்த வேறுபாட்டை எப்படி எழுதுவது?

அடுத்தது எக்செப்ஷன், அதாவது வரம்பைத் தாண்டிய அணிக்கும் விதி தரும் சலுகை. இதற்கு ‘விலக்கு’ போதும், வரி விலக்கு எல்லாருக்கும் தெரியும். இந்த வரம்பு 1984-85 பருவத்தில் 36 லட்சம் டாலரில் தொடங்கியது. அதைத் தாண்டிவிட்ட அணியும் தன் சொந்த வீரரைக் கூடுதல் சம்பளம் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ள ஒரு வழி விட்டார்கள். பாஸ்டன் செல்டிக்ஸின் லாரி பேர்டு பெயரால் அது வழங்குகிறது. இதைப் ‘பறவை உரிமை’ என்று மொழிபெயர்க்கக் கூடாது. ஓம் விதி மாதிரி ‘பேர்டு விலக்கு’ என்றே இருக்கட்டும்.

விலக்கு இல்லாதவருக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 1984இல் ஃபிலடெல்ஃபியா அணி லியோன் வுட் என்ற இளைஞரை, புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் தெரிவு செய்தது. அணி ஏற்கெனவே வரம்புக்கு மேலே. அதனால் அவருக்கு முன்வைக்க முடிந்தது 75,000 டாலரில் ஓராண்டு ஒப்பந்தம் மட்டும். அவர் வழக்குப் போட்டார். 1987இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். (பின்னாளில் அதே லீகில் நடுவரானார்.) ‘வரம்பு’, ‘விலக்கு’ என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு இந்தக் கதையைத் தடையில்லாமல் சொல்ல முடிகிறது. எனக்கு அதுதான் சோதனை.

‘டிரேடு’ பற்றி. சிலர் ‘வர்த்தகம்’ என்கிறார்கள், அது கடைவீதிச் சொல். ‘கைமாற்று’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் நம் ஊரில் கைமாற்று என்றால் வட்டியில்லாமல் நாலு நாளைக்கு வாங்கும் கடன். குழப்பம் வரும். ‘வீரர் பரிமாற்றம்’ சரி. அதில் இரு பக்கச் சம்பளமும் ஓரளவு ஒத்துப்போக வேண்டும் என்ற விதிக்குச் ‘சம்பள ஈடு’ என்று வைத்தால் ‘ஈடுகட்டுவது’ என்ற வினையும் கூடவே கிடைக்கிறது. பல வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரருக்கு ஈடுகட்டினால் ‘கூட்டு ஈடு’.

இந்தச் சொல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். 2024 அக்டோபரில் மினசோட்டா அணி கார்ல்-ஆண்டனி டவுன்ஸை நியூயார்க்குக்கு அனுப்பியது. 2015இல் முதல் ஆளாகத் தெரிவு செய்து, 9 ஆண்டுகள் வைத்திருந்த வீரர். அந்த அணி மேற்கு மண்டல இறுதி வரை போய் நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் டவுன்ஸின் சம்பளம் 4.92 கோடி டாலராக ஏறியிருந்தது. நியூயார்க் ஜூலியஸ் ராண்டலையும் டான்டே டிவின்சென்சோவையும் கொடுத்தும் ஈடு போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அணி இல்லாமல் இருந்த 3 வீரர்களுக்குப் புது ஒப்பந்தம் போட்டு, போட்ட கையோடு மூன்றாவது அணியான சார்லட்டுக்கு அனுப்பினார்கள். டகுவான் ஜெஃப்ரிஸ், சார்லி பிரவுன், டுவேன் வாஷிங்டன். ஆட்டத்துக்காக இல்லை, கணக்கு நேராவதற்காக. தராசில் எடை குறைந்தால் தட்டில் ஒரு கல்லை எடுத்துப் போடுவோமே, அது மாதிரி. மூன்று மனிதர்களின் வாழ்க்கை அன்று அந்தக் கல்லாக இருந்தது. ‘சம்பளப் பொருத்தம்’ என்று எழுதினால் இது தெரியாது, ‘ஈடு’ என்றால் தெரிகிறது.

இனி, நாம் எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்கும் ‘ஏப்ரன்’. உடுப்பின் மேல் கட்டும் துணியின் பெயர்தான், ஆனால் இங்கே வரம்புக்கும் மேலே போட்டிருக்கும் இரண்டு சம்பளக் கோடுகள். ‘மேலாடை’, ‘முன்றானை’ இரண்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2023இல் லீகும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அணிகளின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது இதுதான். 2025-26 கணக்கில் ஆடம்பர வரிக் கோடு (இதைத் தாண்டினால் அணி லீகுக்கு வரி கட்ட வேண்டும்) 18.79 கோடி டாலர், முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாவது 20.78 கோடி. ஒவ்வொன்றையும் தாண்டும்போது கையில் இருக்கும் கருவிகள் ஒவ்வொன்றாகப் பறிபோகின்றன. முதலாவதைத் தாண்டினால், பரிமாற்றத்தில் கொடுத்த சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. இரண்டாவதைத் தாண்டினால் கூட்டு ஈடே கிடையாது, பரிமாற்றத்தில் பணம் சேர்த்துக் கொடுக்கவும் முடியாது.

என் முன்மொழிவு: ‘முதற்கட்டு’, ‘இரண்டாங்கட்டு’. பழைய வீடுகளில் வாசலிலிருந்து உள்ளே போகப் போகக் கட்டு கட்டாக இருக்கும். திண்ணை வரை யாரும் வரலாம், முதற்கட்டு வரை தெரிந்தவர்கள், இரண்டாங்கட்டுக்கு வேண்டப்பட்டவர்கள் மட்டும். உள்ளே போகப் போகக் கட்டுப்பாடு கூடுகிறது. தவிர, ‘கட்டு’ என்றால் பிணைப்பும்தான். ‘பாஸ்டன் இரண்டாங்கட்டில் மாட்டிக்கொண்டது’ என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக வருகிறது. 2024இல் கோப்பை வென்ற அணி, 2025 கோடையில் ஜ்ரூ ஹாலிடேயைப் போர்ட்லாந்துக்கும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது ஆட்டத்தில் குறை கண்டு அல்ல. இரண்டாங்கட்டை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும்: ‘முதற்கட்டம்’ என்பதோடு குழம்பாதா? அவசரமாகப் படித்தால் குழம்பலாம். அதனால் முதல்முறை எழுதும்போது ‘சம்பள முதற்கட்டு’ என்று எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். ஈழத்து நண்பர்கள் பக்கம் வீட்டுக் கட்டுக்கு வேறு சொல் புழங்குகிறதா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. பருவ முடிவில் இரண்டாங்கட்டில் இருக்கும் அணி, 7 ஆண்டு கழித்து வரும் தன் முதல் சுற்றுத் தெரிவுரிமையை (டிராஃப்டில் புது வீரரை எடுக்கும் உரிமையை) யாருக்கும் கொடுக்க முடியாது. அடுத்த 4 பருவங்களில் 2 முறை மறுபடி அங்கேயே இருந்தால், அந்த உரிமை முதல் சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும். இதற்கு ‘உறைந்த தெரிவு’ என்று நம் பட்டியலில் இருக்கிறது. வங்கிக் கணக்கை ‘முடக்கினார்கள்’ என்றுதானே நாளிதழில் படிக்கிறோம்? ‘முடக்கிய தெரிவுரிமை’ என்று திருத்திவிடலாமா?