டிராக்டர் கிளட்ச் ஒட்டிக்கொண்டது, பிரிக்காமல் விடுவிக்க முடியுமா?

வணக்கம். மழைக்காலம் முழுக்க ஓடாமல் நின்ற பழைய டிராக்டர். இன்ஜின் நன்றாகவே ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கிளட்ச் விட மாட்டேன் என்கிறது. பெடலை அடிவரை மிதித்தாலும் கியர் விழவில்லை. கரகரவென்று பல் உரசும் சத்தம்தான். கியரில் போட்டு, பெடலை மிதித்தபடி செல்ஃப் அடித்தால் வண்டியே நகர்கிறது.

பெடல் ஃப்ரீ பிளே (மிதிக்கும்போது முதலில் வரும் சும்மா ஆட்டம்) சரியாக இருக்கிறது. அடி மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் கிளட்ச் விரல்களை (சின்ன லீவர்களை) அழுத்துகிறது, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் துளி விலகுகிறது. கிளட்ச் டிஸ்க் மட்டும் ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரம்) அப்பிக்கொண்டு நிற்கிறது, ஓரமெல்லாம் செந்துருப் பொடி. ஆக, லிங்கேஜில் (பெடலையும் கிளட்சையும் இணைக்கும் கம்பிகளில்) கோளாறு இல்லை.

பெடலை அழுத்திக் கட்டை முட்டுக்கொடுத்துச் சில நாள் விட்டும் அசையவில்லை. அடுத்து, இன்ஜினைச் சூடேற்றி, இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் இணைத்து, ஆளில்லாத திறந்தவெளியில் ஓட்டியபடி கிளட்சை மிதித்துக்கொண்டே பிரேக் போடலாம் என்றிருக்கிறேன். இது டபுள் கிளட்ச் (வண்டி ஓட்டத்துக்கு ஒன்று, பின்னால் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ.வுக்கு ஒன்று) வண்டி. அந்த அதிர்ச்சியில் டிஸ்க் ஸ்பிரிங்கோ கியர் பல்லோ போய்விடுமா? எந்த கியரில் செய்வது நல்லது?

துருநீக்கி எண்ணெய் அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. டிஸ்க்கின் லைனிங் (உராய்வுப் பட்டை) எண்ணெய் குடித்தால் அப்புறம் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதனால் அது வேண்டாம். மூடி வழியாக மெல்லிய தகட்டை நுழைத்து டிஸ்க்கைப் பெயர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? லைனிங் உடையாமல் வந்ததா? வண்டியை இரண்டாகப் பிரிப்பது கடைசி வழி. அந்த வேலையை நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது.