விற்பனைப் பிரிவுக்கு ஏசிஎல் பொருத்திய பின் முகவரியும் கிடைக்கவில்லை, பிரிண்டரும் இயங்கவில்லை: எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். ஏறத்தாழ நாற்பது கணினிகள் இயங்கும் ஒரு சிறு நிறுவனத்தின் நெட்வொர்க்கை நான் ஒருவனே கவனித்து வருகிறேன். சிஸ்கோ லேயர் 3 ஸ்விட்ச் (ரவுட்டிங்கும் செய்யும் ஸ்விட்ச்) ஒன்றில் மூன்று விலான்கள் (தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட உள் நெட்வொர்க்குகள்) உள்ளன. கணக்குப் பிரிவு விலான் 10-இலும் (192.168.10.0/24), விற்பனைப் பிரிவு விலான் 20-இலும் (192.168.20.0/24), சர்வர்கள் விலான் 30-இலும் (192.168.30.0/24) இருக்கின்றன. டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரி வழங்குவது), டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றுவது) இரண்டும் 192.168.30.2 என்ற சர்வரில் இயங்குகின்றன. கணக்கு மென்பொருளின் சர்வர் 192.168.30.5.

விற்பனைப் பிரிவினருக்கு இணையம் கிடைத்தால் போதும், கணக்குப் பிரிவின் கணினிகளையும் கணக்கு சர்வரையும் அவர்கள் அணுகக் கூடாது என்பது நிர்வாகத்தின் முடிவு. அதற்காக 110 என்ற எண்ணில் ஓர் எக்ஸ்டெண்டட் ஏசிஎல் (அனுப்புநர், பெறுநர், போர்ட் ஆகியவற்றைப் பார்த்துப் பாக்கெட்டுகளை அனுமதிக்கும் அல்லது மறுக்கும் விதிப்பட்டியல்) எழுதி, விலான் 20-இன் இன்டர்ஃபேஸில் உள்வரும் திசையில் பொருத்தினேன். எல்லா வரிகளிலும் அனுப்புநர் 192.168.20.0 0.0.0.255, அதாவது விற்பனைப் பிரிவு முழுவதும்.

வரி 10: ஐபி, 192.168.10.0 0.0.0.255 நோக்கி, மறுப்பு
வரி 20: ஐபி, 192.168.30.5 நோக்கி, மறுப்பு
வரி 30: டிசிபி, எந்த முகவரிக்கும், போர்ட் 80, அனுமதி
வரி 40: டிசிபி, எந்த முகவரிக்கும், போர்ட் 443, அனுமதி

தடுக்க வேண்டியவை தடுக்கப்பட்டன. ஆனால் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த கணினிகளில் சில தளங்கள் சற்று நேரம் திறந்து, பிறகு அவையும் நின்றுபோயின. மறுநாள் காலையில் இயக்கப்பட்ட கணினிகள் 169.254 எனத் தொடங்கும் முகவரியை (டிஎச்சிபி கிடைக்காதபோது கணினி தானே வைத்துக்கொள்வது) எடுத்துக்கொண்டன. இவை தவிர, விற்பனை அறையில் உள்ள பிரிண்டருக்கு (192.168.20.50) கணக்குப் பிரிவினரால் அச்சு அனுப்ப முடியவில்லை. கணக்குப் பிரிவின் இன்டர்ஃபேஸில் எந்த ஏசிஎல்லும் இல்லாதபோது இது ஏன் நிகழ்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பதில் 1

வணக்கம் நண்பரே. வைல்டுகார்டு மாஸ்க்கை, அதாவது முகவரியின் எந்தப் பகுதி எதுவாகவும் இருக்கலாம் என்று சொல்லும் 0.0.0.255-ஐ, சரியாக எழுதியிருக்கிறீர்கள். பலர் அந்த இடத்தில் 255.255.255.0 என்று எழுதிவிட்டு, கடைசி எண் பூச்சியமாக உள்ள முகவரிகளை மட்டும் பிடிக்கும் வரியை வைத்துக்கொண்டு தேடுவார்கள். திசையும் சரி. இன்டர்ஃபேஸுக்கு உள்வரும் திசை என்பது அந்த விலானில் உள்ள கணினிகள் ஸ்விட்சை நோக்கி அனுப்பும் பாக்கெட்டுகளைக் குறிக்கும்.

பிழை இருப்பது நீங்கள் எழுதாத வரியில். ஒவ்வொரு ஏசிஎல்லின் முடிவிலும், கண்ணுக்குத் தெரியாமல், எல்லாவற்றையும் மறுக்கும் வரி ஒன்று உண்டு. இணையத் தளங்களுக்கான 80, 443 ஆகிய டிசிபி போர்ட்டுகளை மட்டும் அனுமதித்ததால், யூடிபி 53 வழியாகச் செல்லும் டிஎன்எஸ் வினவல்கள் அந்த வரியில் விழுந்தன. கணினியின் நினைவில் முன்பே இருந்த பெயர்களுக்கு மட்டும் தளங்கள் திறந்தன. அவற்றின் காலம் முடிந்ததும் அவையும் நின்றன.

டிஎச்சிபியின் கதை சற்று வேறு. புதிதாக எழும் கணினிக்கு முகவரியே கிடையாது என்பதால், அது 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255 என்ற முகவரிக்கு, போர்ட் 68-இலிருந்து போர்ட் 67-க்கு வேண்டுகோள் அனுப்புகிறது. அந்த வேண்டுகோளைச் சர்வருக்குக் கொண்டுசேர்க்கும் ரிலே உங்கள் ஸ்விட்ச்தான் என்றாலும், ரிலேவை எட்டுமுன் அது ஏசிஎல்லைக் கடந்தாக வேண்டும். 192.168.20.0 என்று அனுப்புநரை வரையறுக்கும் எந்த அனுமதி வரியும் அதற்குப் பொருந்தாது. ஆகவே அனுப்புநர் எவராயினும், யூடிபி 68-இலிருந்து 67-க்கு அனுமதி என்று வரி 12 எழுதுங்கள். 192.168.30.2 நோக்கி யூடிபி 53-ஐ வரி 14 ஆகவும், டிசிபி 53-ஐ வரி 16 ஆகவும் சேருங்கள். பெரிய டிஎன்எஸ் பதில்களுக்கு டிசிபியும் தேவைப்படும்.

வரி 20-ஐ நீக்கிவிட்டு, 192.168.30.0 0.0.0.255 முழுவதையும் மறுக்கும்படி மாற்றி எழுதுவது நல்லது. இன்று ஒரு சர்வரின் முகவரியை மட்டும் தடுத்தால், அடுத்து வைக்கப்படும் சர்வர் விற்பனைப் பிரிவுக்குத் திறந்தே கிடக்கும். 30, 40 ஆகிய வரிகளை நீக்கி, 192.168.20.0-இலிருந்து எங்கும் ஐபி அனுமதி என்ற ஒரே வரியை 30-இல் இடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் கூறியபடியே மாற்றினேன். முகவரியும் இணையமும் சீராகிவிட்டன. பிரிண்டருக்காக, 192.168.20.50-இலிருந்து 192.168.10.0-க்கு ஐபி அனுமதி என்று வரி 60 சேர்த்தேன். அச்சு இன்னும் போகவில்லை. ஷோ அக்சஸ்-லிஸ்ட்ஸ் கட்டளையில் அந்த வரியின் எண்ணிக்கை பூச்சியமாகவே நிற்கிறது.

பதில் 2

ஏசிஎல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும்; முதலில் பொருந்தும் வரியோடு தீர்ப்பு முடிந்துவிடும். பிரிண்டரின் பாக்கெட் வரி 10-இலேயே மறுக்கப்படுவதால், வரி 60-ஐ அது ஒருபோதும் எட்டாது.

கணக்குப் பிரிவில் ஏசிஎல் இல்லாதபோதும் தடை வருவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கணக்குப் பிரிவிலிருந்து புறப்படும் பாக்கெட் பிரிண்டரைச் சென்றடைகிறது. பிரிண்டர் அனுப்பும் மறுமொழிதான் விலான் 20-இன் வாசலில் மறுக்கப்படுகிறது. அது ஏற்கெனவே தொடங்கிய உரையாடலுக்கான பதில் என்பது இந்த வகை ஏசிஎல்லுக்குத் தெரியாது. ஃபயர்வாலைப் போல இது எதையும் நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டையும் முதன்முறை பார்ப்பதாகவே பார்க்கிறது. எனவே ஒரு திசையை மறுக்கும்போதெல்லாம், அந்தத் திசையில் திரும்பி வர வேண்டிய பதில்கள் எவை என்று முன்னதாகவே எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

வரி 60-ஐ அப்படியே மேலே கொண்டுவராதீர்கள். பிரிண்டரை அணைத்துவிட்டுத் தம் மடிக்கணினிக்கு அதன் முகவரியைக் கொடுக்கும் எவருக்கும் கணக்குப் பிரிவு முழுவதும் அதனால் திறந்துவிடும். அதற்குப் பதிலாக, 192.168.20.50-இன் டிசிபி போர்ட் 9100-இலிருந்து (பல நெட்வொர்க் பிரிண்டர்கள் அச்சைப் பெறும் போர்ட்) 192.168.10.0 0.0.0.255 நோக்கி, எஸ்டாப்ளிஷ்டு என்ற சொல்லுடன் அனுமதி என வரி 5 எழுதுங்கள். உங்கள் பிரிண்டர் வேறு போர்ட்டைப் பயன்படுத்தினால் எண்ணை மட்டும் மாற்றுங்கள். அச்சொல் ஏசிகே (பெற்றேன் என்ற ஒப்புகை) அல்லது ஆர்எஸ்டி (இணைப்பை முறிப்பது) பிட் உள்ள டிசிபி பாக்கெட்டுகளை மட்டும் விடும் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து புதிய இணைப்பைத் தொடங்க முடியாது.

கேட்டவர்

இப்போது அச்சு வருகிறது. ஆனால் சில விண்டோஸ் கணினிகள் பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டிக்கொண்டே இருக்கின்றன.

பதில் 2

அந்தக் கணினிகள் பிரிண்டரின் நிலையை எஸ்என்எம்பி (சாதனங்களின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) மூலம், யூடிபி 161-இல் கேட்கின்றன. அதற்கான பதிலும் வரி 10-இல் மறுக்கப்படுகிறது. இணைப்பு என்பதே இல்லாத யூடிபிக்கு எஸ்டாப்ளிஷ்டு பொருந்தாது. 161-இலிருந்து வரும் பதிலுக்கு அனுமதி கொடுத்தால், அந்த முகவரியை எடுப்பவர் கணக்குப் பிரிவின் எந்த யூடிபி போர்ட்டுக்கும் பாக்கெட் அனுப்பலாம். சில கணினிகள்தானே என்பதால், பிரிண்டர் போர்ட்டின் அமைப்புகளில் எஸ்என்எம்பி நிலையறிதலை நிறுத்துவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பதில் 3

மேலே உள்ளவை சரி. இரண்டு இடங்கள் இன்னும் திறந்திருக்கின்றன. வரி 30 ஸ்விட்சின் சொந்த முகவரிகளுக்கும் வழி விடுகிறது. விற்பனைப் பிரிவிலிருந்து 192.168.20.1-க்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) முயலலாம். நிர்வாகக் கணினியின் முகவரியை மட்டும் அனுமதிக்கும் ஸ்டாண்டர்டு ஏசிஎல் ஒன்றை எழுதி, அக்சஸ்-கிளாஸ் கட்டளையால் விடிஒய் லைன்களில் (ஸ்விட்சுக்குள் தொலைவிலிருந்து நுழையும் வாசல்களில்) பொருத்துங்கள். விலான்களுக்கிடையே ஐபிவி6 இயங்குகிறதா என்றும் பாருங்கள். ஐபிவி4-க்கு மட்டுமான ஏசிஎல் 110 அதைத் தொடவே தொடாது.

வரிகளைத் திருத்தும்போது பட்டியலுக்குள் (ஐபி அக்சஸ்-லிஸ்ட் எக்ஸ்டெண்டட் 110) நுழைந்து, வரி எண்ணைச் சொல்லி நீக்குங்கள். வெளியிலிருந்து நோ அக்சஸ்-லிஸ்ட் 110 என்று தொடங்கும் கட்டளையைக் கொடுத்தால் பட்டியல் முழுவதும் அழியும். இல்லாத பட்டியல் பொருத்தப்பட்டிருந்தால் எல்லாம் அனுமதிக்கப்படும். அதை மீண்டும் எழுத முதல் வரியை இட்ட நொடியே, முடிவில் உள்ள மறுப்பு உயிர்பெறும். அதே விலானிலிருந்து இணைந்திருந்தால் உங்கள் இணைப்பே அறுந்துவிடும். தொலைவிலிருந்து மாற்றும்போது முதலில் ரீலோட் இன் 10 (பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் மறுதொடக்கம் ஆகி, சேமிக்காத மாற்றங்கள் நீங்கிவிடும்) கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் ரீலோட் கேன்சல் கொடுத்து, அதன் பிறகே சேமியுங்கள்.

கேட்டவர்

விடிஒய் லைன்களில் ஏசிஎல் பொருத்திவிட்டேன். விற்பனைப் பிரிவின் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் முயன்றபோது மறுக்கப்பட்டது. ஸ்விட்சில் ஐபிவி6 ரவுட்டிங் இயக்கப்படவில்லை. எஸ்என்எம்பியை மூன்று கணினிகளில் நிறுத்தியதும் ஆஃப்லைன் அறிவிப்பு மறைந்தது. வரி 5-இல் எண்ணிக்கை ஏறுகிறது. வரி 10-இலும் அவ்வப்போது ஏறுவதால், எந்தக் கணினி கணக்குப் பிரிவைத் தேடுகிறது என்று அறிய அந்த வரியில் மட்டும் சில நாட்களுக்கு லாக் சேர்த்திருக்கிறேன்.