புதுப்பிப்பு: அலையாத்தியர் இனம், இரண்டாம் வடிவம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டின் 5ஆம் பதிப்புக்கு நான் உருவாக்கிவரும் அலையாத்தியர் என்ற தாவர மனித இனத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். விதிகளில் அவர்களை 'மனித உரு' என்பதா, 'தாவரம்' என்பதா என்றும் கேட்டிருந்தேன். பலரும் தாவரம் என்றீர்கள். ஆடிப் பார்த்தபின் அதையே முடிவு செய்துவிட்டேன்.

சார்ம் பெர்சன் (வசியம்), ஹோல்ட் பெர்சன் (அசையவிடாமல் நிறுத்துவது) போன்ற மந்திரங்கள் மனித உருக்கள் மீது மட்டும்தான் பலிக்கும். ஆக, தாவரமாக இருப்பது பெரிய சலுகை. அதற்கு விலையும் உண்டு: 2014 விதிப்படி, உயிர்ச்சத்தை உறிஞ்சும் பிளைட் மந்திரம் தாவர உயிரிகளுக்கு எமன். சேவிங் த்ரோவில் (பாதிப்பைக் குறைக்க உருட்டும் பகடை) டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), சேதமும் உச்ச அளவு. 8டி8 (எட்டு முகப் பகடைகள் எட்டு) என்பது நேராக 64, தப்பித்தாலும் 32. இந்த மாதிரி உயிரை வாட்டும் நெக்ரோடிக் சேதத்துக்கு எதிர்ப்பு கொடுக்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அந்தப் பயம் இருக்கட்டும்.

வெயிலில் நின்றால் பாதி உணவு போதும் என்று வைத்திருக்கிறேன். ஓடியாடும் உடலுக்கு வெயில் மட்டும் எப்படிப் போதும்?

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் பிறப்பு பற்றியது. சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட நாற்றாகத்தான் கீழே விழும்; உப்புநீரில் மிதந்துபோய் வேறு கரையிலும் வேர்விடும். அலையாத்தியர் குழந்தைகளும் தாயின் தோளில் முளைத்து, உதிர்ந்து, கடலோடு போகிறவர்கள். அதனால் சொந்த ஊரைத் தேடும் கதை ஒவ்வொரு வீரருக்கும் தானாகவே கிடைத்துவிடுகிறது. இன்னொரு அலையாத்தி மரமான வெண்கண்டலின் இலைகள் உப்பை வெளியேற்றுவதுபோல இவர்களும் செய்வதால், கடல்நீரைக் குடிக்கலாம்.

அப்புறம், கவசம் இன்னும் முடிவாகவில்லை. மரப்பட்டைத் தோலுக்கு ஆர்மர் கிளாஸ் (அடிபடாமல் காக்கும் அளவு) 13 போதுமா? ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.