கப்பல் நகைச்சுவைக் கதை: ரோலிங்கில் சாம்பார்ப் பானை ஓடுமா?

கேள்வி:
நகைச்சுவைக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் சல்தானா பேயில் இரும்புத்தாது ஏற்றிச் சீனா போகும் கேப்சைஸ் கப்பல் (மிகப் பெரிய சரக்குக் கப்பல்). நன்னம்பிக்கை முனை பக்கம் அலை பக்கவாட்டில் அடிக்க, கப்பல் இருபுறமும் மாறி மாறிச் சாய்கிறது (ரோலிங்). அடுப்பிலிருந்து சாம்பார்ப் பானை வழுக்கி ஓட, புது மெஸ்மேன் (சாப்பாடு பரிமாறுபவன்) பின்னாலேயே ஓடுகிறான். கப்பல்காரர்கள் படித்தாலும் நம்பணும். எதை மாற்றலாம்?

பதில் 1:
பானை ஓடுவதை எடுத்துவிடுங்கள். இந்த மாதிரிக் கப்பலில் மின்சாரத் தட்டு அடுப்புதான். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி போட்டுப் பானையைச் சிறைவைத்திருப்பார்கள். பானை நிற்கும், சாம்பார்தான் வெளியே வரும். அதனால்தான் கப்பல் ஆடும் நாளில் சீஃப் குக் (தலைமைச் சமையல்காரர்) பெரிய பானையாக எடுத்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுவார். எண்ணெய்ச் சட்டி வைக்கவே மாட்டார். பூரி, வடை கிடையாது.

இட்லியை வையுங்கள். மாவு குழியிலிருந்து வழிந்து பக்கத்துக் குழியோடு சேர்ந்து, நாலு இட்லி ஒட்டி ஒன்றாக வரும். ஓடவிட ஏதாவது வேண்டுமானால், தாழ்ப்பாள் போட மறந்த இழுப்பறையும் முட்டை அட்டையும் இருக்கின்றன. மெஸ்ஸில் விரிப்பை நனைத்துப் போட்டால் தட்டு வழுக்காது. நாற்காலியைச் சங்கிலியால் தரைக் கொக்கியில் மாட்டியிருப்பார்கள்.

பதில் 2:
ஆட்டத்தின் தாளத்தைச் சரியாகப் பிடித்தால் காட்சி தானாக வரும். இரும்புத்தாது கனம் அதிகம், இடம் கொஞ்சம்தான் பிடிக்கும். பாரம் முழுக்க அடியில் கிடப்பதால் ஜி.எம். (சாய்ந்த கப்பல் எவ்வளவு வலுவாக நிமிரும் என்பதைக் காட்டும் அளவு) பெரிதாகி, கப்பல் வெடுக்கென்று நிமிரும். தோராயக் கணக்கு: அகலத்தை 0.8-ஆல் பெருக்கி, ஜி.எம்.-இன் வர்க்கமூலத்தால் வகுக்கணும். அகலம் 45 மீட்டர், ஜி.எம். 9 மீட்டர் என்றால் ஒரு முழு ஆட்டத்துக்கு 12 விநாடி. ஜி.எம். 1.5 மீட்டராக இருந்தால் ஏறக்குறைய 29 விநாடி, தொட்டில் மாதிரி.

அந்த 12 விநாடியில் நிமிரும் நேரம்தான் வேகம் அதிகம். முழுக்கச் சாய்ந்த இடத்தில் ஒரு கணம் நிற்கும், பொருள் வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான். மெஸ்மேனின் ஒரு கை எப்போதும் சுவர்க் கைப்பிடியில் இருக்கணும். மிச்சக் கையில் ஒரு தட்டுதான் போகும். இருபது பேருக்கு இருபது நடை!

கேட்டவர்:
அருமை. அப்போ முட்டை அட்டைதான். எத்தனை மணிக்கு வைக்கலாம்?

பதில் 3:
11:30. பகல் 12 முதல் 4 வரை வாட்ச் (கப்பலைக் கவனிக்கும் முறைப் பணி) செகண்ட் ஆபீசருடையது, அவர் அதற்குமுன் சாப்பிட்டாகணும். அப்போது பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் அறையில்) இருப்பவர் 8-12 வாட்ச் பார்க்கும் தேர்ட் ஆபீசர். திசை திருப்பினால் ஆட்டம் மாறும் என்பதால், அதற்கு முன் அவர் அடுக்களைக்குப் போன் போடுவது வழக்கம். உங்கள் கதையில் அந்தப் போன் அடிக்கட்டும். மெஸ்மேனுக்கு ஒரு கையில் முட்டை அட்டை, மறுகையில் கைப்பிடி.

சாம்பார் யார் மேலும் கொட்டவேண்டாம். கொட்டினால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்டணும், மருத்துவர் கரையில் இருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கமாட்டார்கள்.