போஸ்ட்கிரெஸ் 13-ல இருந்து 16 போனதும் பேக்கப் எல்லாம் 20 பைட், பழைய டம்ப்பும் ரீஸ்டோர் ஆகல

கேள்வி:
வணக்கம், கொஞ்சம் அவசரம். மூணு வாரம் முன்னாடி பிஜி_அப்கிரேடு டூல் வச்சு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை வெர்ஷன் 13-ல இருந்து 16-க்கு மாத்தினோம், ஆப் நல்லா ஓடுது. நேத்து ஒரு டேபிள்ல தெரியாம நிறைய ரோ டெலீட் ஆயிடுச்சு, சரி ராத்திரி பேக்கப்ல இருந்து எடுத்துக்கலாம்னு போய் பாத்தா அப்கிரேடு பண்ண நாள்ல இருந்து ஒவ்வொரு ஃபைலும் சரியா 20 பைட்தான் இருக்கு. குறிச்ச நேரத்துல ஸ்கிரிப்ட்டை ஓட்டுற கிரான் தினமும் ஓடியிருக்கு, லாக்ல "பேக்கப் முடிந்தது"ன்னும் இருக்கு. டேட்டாபேஸை நகலெடுக்கற (டம்ப்) பிஜி_டம்ப் கமாண்டோட அவுட்புட்டை பைப் போட்டு, சுருக்கி வைக்கற ஜிஜிப்புக்கு அனுப்புற பழைய ஸ்கிரிப்ட்தான், ஒரு எழுத்து மாத்தல. கையில இருக்கறது அப்கிரேடுக்கு முந்தின நாள் டம்ப் ஒண்ணு மட்டும். அதை டெஸ்ட் சர்வர்ல 16 போட்டு ஆப் யூசர்ல ரீஸ்டோர் பண்ணா பப்ளிக் ஸ்கீமாவுக்கு (டேபிள் எல்லாம் வழக்கமா இருக்கற இடம்) பர்மிஷன் இல்லன்னு எரரா வருது. ரெண்டு நாளா தூக்கமே இல்ல, யாராவது சொல்லுங்க.

பதில் 1:
ஸ்கிரிப்ட்ட மாத்தலன்னு சொன்னீங்கல்ல, பிரச்சினையே அதான். உள்ள பழைய 13 ஃபோல்டரோட முழு பாத் இருக்கும் பாருங்க. பிஜி_டம்ப் தன்னைவிட புது மேஜர் வெர்ஷன் சர்வர்ல டம்ப் எடுக்காது, வெர்ஷன் ஒத்துவரலன்னு சொல்லிட்டு நின்னுடும். ஆனா பைப்ல கடைசி கமாண்டோட ரிசல்ட்டைத்தான் ஷெல் பாக்கும், ஜிஜிப் ஒண்ணுமே வராட்டியும் காலி ஃபைலை சுருக்கி வச்சிட்டு சக்சஸ்னு சொல்லிடும். காலி இன்புட்டை ஜிஜிப் பண்ணா வர்ற சைஸ்தான் அந்த 20 பைட். பாத்தை 16-க்கு மாத்துங்க, பாஷ் ஸ்கிரிப்ட்டா இருந்தா மேல "செட் -ஓ பைப்ஃபெயில்" போடுங்க (பைப்ல எந்த கமாண்ட் தோத்தாலும் மொத்தமும் தோல்வின்னு காட்டும்), பிஜி_டம்ப் சொல்ற எரரையும் லாக்குக்கு திருப்பி விடுங்க. வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி இப்பவே கையால ஒரு பேக்கப் எடுத்துடுங்க ப்ளீஸ், இந்த நிமிஷம் உங்ககிட்ட புதுசா எதுவுமே இல்ல.

பதில் 2:
ரீஸ்டோர் விஷயம் வேற. 15-ல இருந்து பப்ளிக் ஸ்கீமாவுல யார் வேணா டேபிள் போடலாம்ங்கறதை எடுத்துட்டாங்க, டேட்டாபேஸ் ஓனருக்குத்தான் அந்த உரிமை. நீங்க போஸ்ட்கிரெஸ்ங்கற அட்மின் யூசர்ல டேட்டாபேஸ் கிரியேட் பண்ணிட்டு ஆப் யூசர்ல ரீஸ்டோர் பண்ணியிருப்பீங்க. டேட்டாபேஸை டிராப் பண்ணிட்டு ஆப் யூசரையே ஓனரா வச்சு திரும்ப கிரியேட் பண்ணுங்க, இல்லன்னா அந்த யூசருக்கு பப்ளிக் ஸ்கீமாவுல கிரியேட் உரிமையை கிராண்ட் பண்ணுங்க. அப்புறம் டம்ப் எஸ்கியூஎல் ஃபைலா இருந்தா அதை ஓட்டுற பிஎஸ்கியூஎல் கமாண்ட் எரர் வந்தாலும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், பாதி டேபிள் இல்லாமலேயே முடிஞ்சுடும், அதனால ஆன்_எரர்_ஸ்டாப் 1 வச்சு ஓட்டுங்க. ரோல் (யூசர் கணக்கு) இல்லன்னு எரர் வந்தா பயப்படாதீங்க, பிஜி_டம்ப்ல யூசர், பாஸ்வேர்டு எதுவும் வராது, அதுக்கு பிஜி_டம்ப்ஆல்ல குளோபல்ஸ் (யூசர் மாதிரி பொதுவான விஷயங்கள்) மட்டும் தனியா எடுக்கணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப ரொம்ப நன்றிங்க. பாத் 13-லதான் இருந்தது. புது பேக்கப் எடுத்து அதையே டெஸ்ட் சர்வர்ல ரீஸ்டோர் பண்ணியும் பாத்துட்டேன், வந்துடுச்சு. பழைய டம்ப்பும் ஓனரை மாத்தினதும் ஏறிடுச்சு, அழிஞ்சதுல அப்கிரேடுக்கு முன்னாடி இருந்த ரோ எல்லாம் கிடைச்சுது, அதுக்கப்புறம் உள்ளவந்த மூணு வார டேட்டாவை ஆப் லாக்ல இருந்து கையால சேத்துக்கிட்டு இருக்கோம். ஒரே ஒரு சந்தேகம், ரீஸ்டோர் பண்ண டேட்டாபேஸ்ல குவரி எல்லாம் ஏன் இவ்வளவு மெதுவா ஓடுது?

பதில் 2:
டேபிள் ஸ்டாட்டிஸ்டிக்ஸை சேகரிக்கற அனலைஸ் கமாண்டை ஓட்டலல்ல? 16-ல டம்ப்போட ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வராது, அதனால டேபிள்ல டேட்டா எப்படி பரவியிருக்குன்னு பிளானருக்கு (குவரியை எப்படி ஓட்டறதுன்னு முடிவு பண்ற பகுதி) தெரியாது. முழு டேட்டாபேஸுக்கும் ஒருதரம் ஓட்டிட்டு பாருங்க. இன்னொண்ணு, அப்கிரேடு அப்போ ஓஎஸ்ஸையும் மாத்தியிருந்தா சொல்லுங்க, லினக்ஸோட அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.28-ல எழுத்துகளை வரிசைப்படுத்துற முறை மாறிச்சு, அதுக்கு முந்தினதுல இருந்து தாண்டி வந்திருந்தா மெயின் சர்வர்ல டெக்ஸ்ட் காலம் இன்டெக்ஸ் எல்லாத்தையும் ரீஇன்டெக்ஸ் (திரும்ப உருவாக்கறது) பண்ணியே ஆகணும்.